மருந்தும் விளக்கமும்

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஒரு தொழிற்சாலையில் தயாராகி மத்தியப் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்ட ‘கோல்ட்ரிஃப்’ என்னும் இருமல் மருந்தில், நூற்றுக்கு 48.6 பங்கு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் விஷத் திரவம் கலந்திருந்ததை 2025ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்து வெளியிட்டபோது, நாடே திகைத்தது. சளிக்கும் இருமலுக்குமாக அம்மருந்தைப் பருகிய சிந்த்வாரா மாவட்டத்துக் குழந்தைகளில் இருபதுக்கு மேற்பட்டவை சிறுநீர் பிரியாமல், சிறுநீரகம் பழுதுபட்டு மாண்டுபோயின. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் அந்த இனிப்பான திரவம், மருந்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி.

இந்தக் கொடுமை உலகத்துக்குப் புதியதன்று. 1937இல் அமெரிக்காவில் இதே திரவத்தில் கரைத்து விற்கப்பட்ட சல்ஃபனிலமைடு மருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. ஒரு மருந்து விற்பனைக்கு வருமுன் அது தீங்கற்றதென்று நிரூபிக்கப்பட வேண்டும் என்னும் சட்டம் மறு ஆண்டில் அந்நாட்டில் பிறந்ததற்கு அந்த மரணங்களே காரணம். 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில், கிளிசரினில் கலந்திருந்த இதே விஷம் 14 நோயாளிகளைப் பலிகொண்டது. 2022இல் காம்பியா நாட்டில் ஏறத்தாழ எழுபது குழந்தைகள் இறந்ததற்கும் இந்தியாவில் தயாரான இருமல் மருந்துகளுக்கும் தொடர்பு இருக்கக்கூடுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்தது. மூலப்பொருளைச் சோதிக்காமல் மருந்து செய்தவர்களையும், அவர்களைச் சோதிக்கத் தவறியவர்களையும் தண்டிப்பது அரசாங்கத்தின் கடமை. அதில் தயவு தாட்சண்யத்துக்கு இடமில்லை.

ஆயினும் கோல்ட்ரிஃப் துயரத்துக்குள் வேறொரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் ஆகிய இரண்டும் சேர்ந்த சளி மருந்துகளை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்றும், அந்த எச்சரிக்கையைப் புட்டியின்மேல் அச்சிட வேண்டும் என்றும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தது. கோல்ட்ரிஃப் அந்த வகையைச் சேர்ந்ததே. ஆகவே, விஷம் சிறிதும் கலவாமல் பரிசுத்தமாகத் தயாரிக்கப்பட்டிருந்தாலும், சின்னஞ்சிறு குழந்தைக்கு அது வேண்டாத மருந்து. பெரும்பாலான பிள்ளைகளின் சளியும் இருமலும் ஓய்வாலும், வெதுவெதுப்பான நீராலும், தாய்ப்பாலாலும் சில நாட்களில் தாமே தணிந்துவிடக்கூடியவை. உத்தரவு அலுவலகத்தில் இருந்தது. புட்டி தாயின் கையில் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே நின்றவர்களில் எவரும் அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லப்படாத அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இக்கட்டுரை. நம் மாநிலத்தில் மருந்து கிடைப்பது பெருமளவுக்கு எளிதாகிவிட்டது; மருந்தைப் பற்றிய விளக்கம் கிடைப்பதுதான் இன்னும் அரிதாயிருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், கடைக்கோடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மருந்து தட்டாமல் சென்று சேரும்படி ஓர் ஏற்பாட்டை நிறுவி, பிற மாநிலங்கள் வந்து கற்றுக்கொள்ளும்படி செய்தது. நம் விழுப்புரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய வியாதி என்றால் இரண்டு ஊர்களிலிருந்தும் ஒரு மணி நேரப் பயணத்தில் புதுச்சேரி ஜிப்மரை அடைந்துவிடலாம். 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் மாநிலமெங்கும் திறக்கப்பட்டுக் குறைந்த விலை மருந்துக்கும் வழி பிறந்தது. இவ்வளவும் வந்த பிறகும், அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று வாங்கிய மாத்திரைகளை மடியில் கட்டிக்கொண்டு வெளியே வரும் ஒரு மூதாட்டியிடம், அவற்றில் எது எந்த நோய்க்கு என்று கேட்டுப் பார்த்தால், “வெள்ளை காலையில, ரோஸு ராத்திரியில” என்பதற்குமேல் அவரால் சொல்ல முடிவதில்லை. அடுத்த மாதம் வேறு கம்பெனியின் மாத்திரை வேறு நிறத்தில் வந்துவிட்டால், அந்தச் சிறு அறிவும் பயனற்றுப் போய்விடுகிறது.

விழுப்புரம் ஐந்து திசைகளிலிருந்தும் ரயில் வந்து கூடும் சந்திப்பு. திண்டிவனம் சென்னைக்கும் திருச்சிக்கும் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலை பிரியும் ஊர். சுற்றிலும் நெல்லும் கரும்பும் மணிலாவும் விளைகின்றன. கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. கரும்பு வெட்டுபவர்களும், நாற்று நடுபவர்களும், உப்பு வாருபவர்களும், சூளையில் கல் அறுப்பவர்களும் நிறைந்த இம்மாவட்டத்தில் மிகச் சாதாரணமான வியாதி உடம்பு வலி. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாளின் கூலி இல்லை என்னும் நிர்ப்பந்தத்தில் உழலும் மனிதர், மருத்துவரைத் தேடி அரை நாளைச் செலவிடுவதற்குப் பதிலாகப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள மெடிக்கல் கடையில் நின்று, “உடம்பு வலிக்கு ஒரு வேளைக்கு மாத்திரை கொடுங்க” என்று கேட்பதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குற்றம், அவர் கையில் பெயர் தெரியாதபடி கத்தரித்துத் தரப்படும் நான்கு மாத்திரைகளில் இருக்கிறது.

அந்தப் பொட்டலத்தில் இருப்பவை பெரும்பாலும் எவை? வலி நிவாரணி ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, சில சமயம் தூக்கம் தரும் ஒவ்வாமை மாத்திரை ஒன்று, மனச்சாட்சியற்ற இடங்களில் ஸ்டீராய்டு ஒன்று. டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகள் வீக்கத்தை உண்டாக்கும் இரசாயனங்களைத் தடுத்து வலியைத் தணிக்கின்றன. ஆனால் அதே இரசாயனங்களே, வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் ஓடும்படி காத்து நிற்பவை. உச்சி வெயிலில் தண்ணீர் குடிக்க நேரமின்றி உழைத்தவர், அந்த நிலையிலேயே இந்த மாத்திரையை விழுங்கும்போது அந்தக் காவல் நீங்கிவிடுகிறது. நாள்தோறும் இது தொடர்ந்தால் சிறுநீரகம் ஓசையின்றித் தேய்கிறது, இரைப்பையில் புண் உண்டாகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. வலிக்கு மாத்திரையே கூடாதென்பதில்லை. நீர் அருந்திய பிறகு, உணவுக்குப் பின், ஓரிரு நாட்களுக்கு மட்டும் என்ற விளக்கத்தோடு வந்தால் அது உபகாரி. விளக்கமின்றி வந்தால் அதுவே சத்துரு.

ஸ்டீராய்டின் கதை இதைவிடப் பரிதாபமானது. ஆஸ்துமாவிலும், கடுமையான ஒவ்வாமையிலும், வேறு பல நோய்களிலும் உயிரைக் காக்கும் அருமையான ஔஷதம் அது. மூட்டு வலிக்கு மறைவாகக் கலந்து கொடுக்கப்படும்போது, முதல் நாளே வலி பறந்துவிடுவதால் கொடுத்தவர் கைராசிக்காரர் என்று பெயரெடுக்கிறார். சில மாதங்களில் வாங்கியவரின் முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது, எலும்பு நொறுங்கத் தொடங்குகிறது. திடீரென்று நிறுத்தினாலோ, உடம்பு தானாக ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்திருப்பதால் உயிருக்கே அபாயம் நேரலாம். படர்தாமரைக்குப் பூசும் களிம்புகளிலும் இதே அநர்த்தம் நடக்கிறது. பூஞ்சைக் கொல்லியோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு உடனே அடங்குகிறது. பூஞ்சையோ, உடம்பின் எதிர்ப்பு அடங்கிய தைரியத்தில் தொடைக்கும் வயிற்றுக்கும் பரவி, குடும்பம் முழுவதையும் பற்றிக்கொள்கிறது. இத்தகைய களிம்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018இல் விதி வந்தது. முகம் வெளுக்க வேண்டுமென்று அவற்றைப் பூசும் இளம் பெண்களுக்கு, தோல் மெலிந்து சிவந்து வெயில் பட்டால் எரியும் நிலை வரும் என்பதை யார் சொல்லியிருக்கிறார்கள்?

இனி நுண்ணுயிர்க் கொல்லிகளான ஆன்டிபயாடிக் மருந்துகளை எடுத்துக்கொள்வோம். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் இம்மருந்தை உட்கொண்டால் கிருமிகள் அதற்குத் தப்பப் பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார். 2010இல், ஏறத்தாழ எல்லா மருந்துகளுக்கும் அடங்காத ‘என்டிஎம்-1’ என்னும் நொதியைக் கொண்ட கிருமிகள் சென்னையிலும் பிற இடங்களிலும் பரவியிருப்பதை வெளிக்கொணர்ந்த ஆய்வுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்தார். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக மாண்டவர்கள் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வைரஸால் வரும் சளிக் காய்ச்சலுக்கு இந்த மருந்துகளால் அணுவளவும் பிரயோஜனமில்லை. எனினும் மூன்று வேளைக்கு வாங்கி, காய்ச்சல் தானாக விட்டதும் மருந்தால் விட்டதென்று எண்ணி, அடுத்த முறையும் அதையே கேட்கும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. இதைத் தடுக்கவே, குறிப்பிட்ட சில மருந்துகளை விற்கும்போது நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற ‘எச்1’ அட்டவணை 2014 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது என்னும் பிரசாரம் 2016இல் தொடங்கியது. அந்தக் கோட்டின் பொருள் திண்டிவனம் சந்தைக்கு வரும் எத்தனை பேருக்குத் தெரியும்?

குழந்தைகளின் விஷயத்தில் விளக்கமின்மை இன்னும் கூர்மையான ஆயுதமாகிறது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால், சொட்டு மருந்தாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராமும், சிரப்பாக ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராமும் கொண்டு விற்கிறது. அதாவது சொட்டு மருந்து நான்கு மடங்கு வீரியமுள்ளது. சிரப் கொடுக்கும் அளவிலேயே சொட்டு மருந்தையும் கொடுத்துவிட்டால் பச்சிளங் கல்லீரல் அதைத் தாங்குமா? வீட்டுக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று அளவில் மாறுபடுவதால், புட்டியோடு வரும் அளவு மூடியைத்தான் பயன்படுத்த வேண்டும். தண்ணீர் கலந்து தயாரிக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பை அட்டையில் குறித்த நாட்களுக்குமேல் வைத்திருந்து அடுத்த காய்ச்சலுக்குக் கொடுக்கலாகாது. வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல். 1971இல் வங்கதேச அகதிகளின் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதைக் கொண்டே எண்ணற்ற உயிர்களை மீட்டார். ஒரு லிட்டருக்குரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும் என்ற சிறு விவரம் தவறி, ஒரு தம்ளரில் கரைக்கப்பட்டுவிட்டால் அந்த அமிர்தமும் தீங்கு செய்யும்.

நாள்பட்ட வியாதிகளில் நிலைமை எவ்வாறு இருக்கிறது? 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது தெரியவந்தது. மறு ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்து மாத்திரைகளைத் தருகிறார்கள். இது மகத்தான காரியம். ஆனால் மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்தும், “பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, இனி எதுக்கு?” என்று நிறுத்திவிடுகிறவர்களுக்கு, மாத்திரை உட்கொள்வதனால்தான் அழுத்தம் அடங்கியிருக்கிறது என்பது புரியும்படி சொல்லப்பட வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டு, விரதமென்றோ வேலை மும்முரமென்றோ சாப்பிடாமல் இருப்பவருக்குச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, தலைசுற்றல் வரும். உடனே சர்க்கரையோ வெல்லமோ வாயில் போட வேண்டும் என்பதை அவர் மட்டுமல்ல, அவர் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை ஈரமான மண்பானைக்குள் வெயில் படாமல் வைக்கலாம் என்று சொன்னால், ஓர் ஏழையின் சிகிச்சை தடைப்படாமல் நடக்கும்.

பாம்புக் கடியிலும் இதே குறைதான். வயல் வேலையே வாழ்வான இம்மாவட்டத்தில் நச்சுமுறி மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவதில், 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பெரிது. நமது அண்டைக் கடற்கரையில் எடுக்கப்படும் நஞ்சிலிருந்து பிறக்கும் அந்த மருந்து நாடெங்கும் உயிர்களைக் காக்கும்போது, கடிபட்டவரின் காலை இறுகக் கட்டியும், கீறி இரத்தத்தை உறிஞ்சியும், பச்சிலை தேடியும் பொன்னான நேரத்தை நாம் இழந்துகொண்டிருக்கிறோம். கட்டாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல் என்னும் ஒரு வாக்கியம் ஒவ்வொரு குடிசைக்கும் சென்று சேர்ந்திருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும்!

விளக்கத்துக்கும் அக்கறைக்கும் இவ்வளவு சக்தி உண்டா என்று ஐயுறுபவர்களுக்கு, சென்னையிலேயே நடந்த ஒரு பரிசோதனையை நினைவூட்ட விரும்புகிறேன். காசநோய்க்கு நல்ல காற்றும் ஊட்டமான உணவும் நீண்ட ஓய்வும் தரும் சானடோரியமே கதி என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரை நெருக்கமான தெருக்களிலுள்ள அவர்களுடைய வீடுகளிலேயும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. 1959இல் வெளியான முடிவு, வீட்டிலிருந்த ஏழைகளும் ஏறத்தாழச் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள் என்பது. அந்த வெற்றி மருந்தினால் மட்டும் வரவில்லை. மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இருமல் நின்ற பின்பும் மாதக்கணக்கில் மருந்தை விடாமல் உட்கொள்ள வைத்தது அந்த அக்கறையே. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் மருத்துவமனையைவிட்டு வீட்டுக்கு வந்ததற்குச் சென்னை ஏழைகளிடம் கற்ற இப்பாடமே அடிப்படை. அந்தப் பாடத்தை உலகத்துக்குத் தந்த நாடு, தன் சொந்தக் கிராமங்களில் அதைக் கைவிடலாமா?

ஆகவே விழுப்புரம் மாவட்டத்தில் செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுபவற்றைச் சொல்லுகிறேன். அரசு மருந்தகத்தில் தரப்படும் ஒவ்வொரு உறையின் மேலும் மருந்தின் பெயர், எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்பவை தமிழில் எழுதப்பட வேண்டும்; எழுத்தறியாதவர்களுக்காகச் சூரியன், சந்திரன், சாப்பாட்டுத் தட்டு ஆகிய படங்கள் அச்சிடப்பட வேண்டும். வரிசை நீளமாயிருப்பதால் மருந்தாளுநர் பேச முடிவதில்லை என்றால், மருந்தாளுநர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே முறை. தனியார் கடைகளில் பதிவுபெற்ற மருந்தாளுநர் நேரில் இருந்தே மருந்து தர வேண்டும் என்ற சட்டம் ஏட்டளவில் நில்லாமல் நடப்புக்கு வர வேண்டும். பெயரும் காலாவதித் தேதியும் இல்லாமல் கத்தரித்த மாத்திரையை விற்பது நின்றாக வேண்டும். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள், வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு முறை வெளியே எடுத்து வைக்கச் செய்து, ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இருக்கிறதா, பழையது எது, நாட்டு மருந்தும் சேர்ந்து நடக்கிறதா என்று பார்த்து மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குரிய பயிற்சியும் தக்க ஊதியமும் அவர்களுக்கு அளிக்கப்பட வேண்டும். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் கிராம சபை கூடும் நாட்களில் ஊருக்கு ஊர் சென்று, ஒரு நாளைக்கு ஒரு நோயைப் பற்றி ஜனங்களுக்குப் புரியும் பேச்சில் பேசுவார்களானால், அதைவிடச் சிறந்த பாடம் வகுப்பறையில் அவர்களுக்குக் கிடைக்காது.

ஜனங்களாகிய நமக்கும் ஒரு கர்த்தவ்யம் உண்டு. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்னும் எண்ணத்தை விட வேண்டும். பக்கத்து வீட்டாருக்குக் கேட்ட மாத்திரை நமக்கும் கேட்கும் என்று வாங்கி விழுங்குவதை விட வேண்டும். மருந்து கையில் வந்ததும், இதன் பெயர் என்ன, எதற்காக, எவ்வளவு, எத்தனை நாள், என்ன நேர்ந்தால் திரும்பி வரவேண்டும் என்ற ஐந்து கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். படித்தவர் ஒருவர் எதிரே அமர்ந்திருக்கும்போது கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து வாய் மூடித் திரும்பும் சுபாவம் நம் கிராமத்து மக்களிடம் ஆழமாக இருக்கிறது. அதைப் பணிவென்று பாராட்ட எனக்கு மனமில்லை. ஐயம் எழுந்தால் 104 என்ற எண்ணில் கேட்கலாம். மருந்தால் ஒவ்வாமையோ வேறு தீங்கோ நேர்ந்தால், 2010 முதல் நாட்டில் நடந்துவரும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசியான 1800-180-3024இல் நோயாளியே புகார் செய்யலாம். ஒருவர் செய்யும் புகார் பல ஊர்களில் உள்ளவர்களைக் காக்கக்கூடும்.

மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் எதிரே நிற்பவருக்குப் படிப்பு இல்லாமலிருக்கலாம். தம் உடம்பைப் பற்றி அறிந்துகொள்ளும் உரிமை அதனால் குறைந்துவிடுவதில்லை. கூட்டம் நெருக்குகிறது என்பதை நான் அறிவேன். ஆனாலும் நீங்கள் செலவிடும் அரை நிமிஷம் ஒரு சிறுநீரகத்தையோ, ஒரு கல்லீரலையோ, ஒரு குழந்தையையோ காப்பாற்றிவிடக் கூடும். மருந்து தருவதோடு வைத்தியம் முடிந்துவிடுவதில்லை. அதை விளங்கச் சொல்வதும் வைத்தியத்தின் பகுதியே. அந்த வழக்கம் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இந்த ஆண்டே தொடங்கட்டும். கேட்கும் துணிவை நாமும், சொல்லும் பொறுமையை அவர்களும் வளர்த்துக்கொள்வோம்.